ஊர் மிளகுக்கு ஒரே பில்

கொல்லிமலை
6.1.2024, சனிக்கிழமை

கொழுந்தனார் அருணாசலத்துக்கு, மேலே மலையிலிருந்து உங்கள் அண்ணி ராசாமணி எழுதுவது.

உங்கள் அண்ணன் திதியன்று, இனி என்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று பாதி இலையில் எழுந்து போனீர்கள். பேச மாட்டேன் என்றுதான் சொன்னீர்கள். படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள் எழுத்து, கோழி கிளறியது போலத்தான் இருக்கும். பள்ளிக்கூட ஆபீஸில் உட்கார்ந்து வாத்தியார்கள் கொண்டுவரும் டாக்டர் சீட்டையெல்லாம் படிக்கிறவர்தானே நீங்கள், இதையும் படித்துவிடுவீர்கள்.

நேற்று வரி ஆபீஸ் ஆள் ஒருவர் மலையேறி வந்து ஒரு காகிதம் கொடுத்துவிட்டுப் போனார். முதல் வரியில் உங்கள் அண்ணன் பேர், பாலசுப்பிரமணியம். செத்து ஒரு வருஷம் ஆன ஆளுக்கு மரியாதை குறையாமல் 'திரு' போட்டிருக்கிறார்கள். மீதியைப் படிக்க எனக்குக் கண் ஓடவில்லை. பக்கத்து அறையில் குடியிருக்கும் ரஞ்சிதாவிடம் கொடுத்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், இங்கே தாலுகா ஆபீஸில் வேலை. அவள் படித்துவிட்டு, "அக்கா, நாலு லட்சத்து அறுபதாயிரமா? நீங்க என்ன கப்பலா ஓட்டுனீங்க?" என்றாள்.

அவளுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது. பில் இல்லாமல் மிளகு எடுக்க மாட்டோம் என்று சேலத்து மண்டிக்காரர்கள் சொன்னதும், உங்கள் அண்ணன் தன் பேரில் வரி நம்பர் வாங்கி பில் புத்தகம் அடித்தார். அன்றிலிருந்து ஊரில் யார் மிளகு பறித்தாலும் மூட்டையை நம் கொட்டகையில் இறக்கிவிட்டு, "அண்ணா, உங்க பில்லுலயே சேர்த்துப் போட்டுடுங்க" என்பார்கள். அவருக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. எங்கள் மூட்டை ரெண்டு, பில்லில் நாற்பது. நாலு வருஷம் இப்படியே ஓடியது. ஆபீஸில் அத்தனையும் அவர் வியாபாரம் என்று எழுதி, வரி, வட்டி, அபராதம் என்று ஏற்றிவிட்டார்கள்.

"அப்போ மாமாதான் இந்த மலைக்கு மிளகு ராஜாவா?" என்றாள் ரஞ்சிதா.

"ராஜாவேதான் சாமி. கிரீடம்தான் வரல, நோட்டீஸ் வந்துருச்சு" என்றேன்.

சிரித்தோம். அவள் போன பிறகு கடைசி வரியை மட்டும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். கட்டாவிட்டால் காளப்பநாயக்கன்பட்டிக் கிணற்றுக்காடு இரண்டு ஏக்கரையும் ஜப்தி செய்வோம் என்று எழுதியிருக்கிறது. அது உங்கள் பேரும் அவர் பேரும் சேர்ந்து இருக்கிற காடு. எனக்கும் உங்களுக்கும் இருப்பது அது ஒன்றுதான்.

இப்போது சமாதானத் திட்டம் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு, தொண்ணூற்றிரண்டாயிரம் கட்டினால் மீதியை விட்டுவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் போட்ட அப்பீலை வாபஸ் வாங்க வேண்டும். பிப்ரவரி பதினைந்து கடைசி. திதியன்று நான் கேட்டதும் இதுதான். காகிதமெல்லாம் உங்கள் பீரோவில் இருக்கிறது. பீரோவைத் திறக்க வாயால் பேச வேண்டியதில்லை.

பஸ் டிரைவர் பிரேமிடம் இதையும் ஒரு சீப்பு மலைவாழையையும் கொடுத்தனுப்புகிறேன். என்மேல் கோபம் இருந்தால் பழத்தின் மேல் காட்டாதீர்கள்.

ராசாமணி


காளப்பநாயக்கன்பட்டி
11.1.2024

பொருள்: வணிகவரி நிலுவை, மேல்முறையீட்டைத் திரும்பப் பெறக் கோரியது, தொடர்பாக.
பார்வை: தங்கள் 6.1.2024 நாளிட்ட கடிதம்.

அண்ணி அவர்களுக்கு,

பார்வையில் காணும் கடிதம் கிடைத்தது. வாழைப்பழம் பெறப்பட்டது.

ஐந்தில் ஒரு பங்கு கட்டினாலும் அது கட்டியதுதான். கடன் இல்லாதவன் எதற்காக ஒரு ரூபாய் கட்ட வேண்டும்? அண்ணன் பில்லில் போனது விவசாயிகள் தங்கள் காட்டில் விளைவித்த மிளகு. அதற்கு வரி கிடையாது. இதைத்தான் மேல்முறையீட்டில் சொல்லியிருக்கிறேன். இப்போது அதைத் திரும்பப் பெற்றால், பாலசுப்பிரமணியம் வரி ஏமாற்றினார், பிடிபட்டதும் பேரம் பேசி முடித்துக்கொண்டார் என்று ஆகிவிடும். அவர் யாரிடமும் ஒரு பைசா ஏமாற்றியவர் இல்லை என்பது என்னைவிடத் தங்களுக்குத் தெரியும்.

விசாரணைத் தேதி விரைவில் வரும். வெற்றி பெறுவோம். காடு எங்கும் போகாது. எனவே தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அருணாசலம்


கொல்லிமலை
18.1.2024

கொழுந்தனாருக்கு,

பொருள்: கொழுந்தனார் கோபம் தொடர்பாக. பார்வை: எனக்கு மங்கல்.

ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறீர்கள். போஸ்ட்மேன் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார். "யாருங்க அனுப்புனது, கோர்ட்டா?" என்றார். "இல்லீங்க, என் கொழுந்தனார். அவர் பொண்டாட்டிகிட்ட காப்பி கேக்கறதுக்கே ரசீது வாங்குவார்" என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், வளர்மதியே சொன்னதுதான்.

அவளோடு எனக்குச் சண்டையில்லை, போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அவள் சொன்ன இன்னொன்றையும் எழுதுகிறேன். பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை இரண்டு பேர் டேப்போடு வந்து கிணற்றுக்காட்டை அளந்தார்களாம். ஒருவர் மரவள்ளிக்குள் இறங்கி கிணற்றை எட்டிப் பார்த்து ஆழம் குறித்துக்கொண்டாராம். நீங்கள் வரப்பில் நின்று, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பொங்கலன்று முழுக்க ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையாம். காடு எங்கும் போகாது என்று எனக்கு எழுதிய மறுநாள் இது. எழுதும்போது பயம் இல்லையா, அல்லது எழுதினால் பயம் போய்விடும் என்று நினைத்தீர்களா?

எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. சிரித்துச் சிரித்து எழுதுகிறேன், ஆனால் தபால்காரர் மணி அடித்தால் முறத்தைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போய்விடுகிறேன். இங்கே இருக்கும் கொட்டகை வாடகைக் கொட்டகை. எனக்கு ஐம்பத்தொன்று. உங்கள் பெண் அடுத்த வருஷம் காலேஜுக்குப் போகிறாள். காட்டை ஏலம் போட்டால் எடுப்பவனுக்கு உங்கள் பங்கு எது, அவர் பங்கு எது என்று பார்க்கத் தோன்றுமா?

பொங்கல் லீவு முடிந்ததும் இன்று காலையில் நான் நாமக்கல் போய் ஆபீஸிலேயே கேட்டுவிட்டேன். அங்கே ஒரு அம்மா, பேர் தேன்மொழி, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தது. "இது குத்தத்த ஒத்துக்கறது இல்லீங்கம்மா. பழசெல்லாம் முடிச்சு வைக்கறதுக்குத்தான்" என்றது. நான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதையே சொன்னது.

அண்ணன் மானம் என்கிறீர்கள். அவர் உயிரோடு இருந்தபோது இந்த வழக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. உங்களிடம் விட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்வார். இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கிறது. இதில் உங்களுக்கு எது போய்விடும், அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். பொருள், பார்வை இல்லாமல் சொல்லுங்கள்.

ராசாமணி


காளப்பநாயக்கன்பட்டி
27.1.2024

அண்ணிக்கு,

தங்கள் கடிதம் வந்து ஆறு நாளாகிறது. நான்கு முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். விசாரணையை மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைத்திருப்பதாக புதன்கிழமை தகவல் வந்தது. அதற்குள் திட்டம் முடிந்துவிடும். எனவே இனி மறைத்துப் பயனில்லை.

மலையில் கொட்டகைக்குக் கதவு எண் இல்லாததால், அண்ணன் வரி நம்பர் வாங்கும்போது இந்த வீட்டு முகவரியைத்தான் கொடுத்தோம். நம்பர் வாங்கச் சொன்னதும் நான்தான். 2016 ஆகஸ்டில் முதல் நோட்டீஸ் இங்கேதான் வந்தது, என் கையில்தான் கிடைத்தது. பில் புத்தகங்களையும், மிளகு கொண்டுவந்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு பதினைந்து நாளுக்குள் நேரில் வரும்படி எழுதியிருந்தது. அவ்வளவுதான். அண்ணன் போயிருந்தால், பெயர்களைச் சொல்லியிருந்தால், அன்றைக்கே முடிந்திருக்கும்.

நான் அவரிடம் சொல்லவில்லை. நான் சொல்லி வாங்கிய நம்பரால் வந்த தொல்லை, நானே முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். பள்ளி நூலகத்திலிருந்து சட்டப் புத்தகம் எடுத்து, நான்கு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். தலைமையாசிரியரிடம் காட்டினேன். "அருணாசலம், நீ வக்கீலாகியிருக்க வேண்டிய ஆள்" என்றார். அந்தச் சொல்லோடு தபாலில் சேர்த்தேன். பில் புத்தகம் ஒன்றைக்கூட வைக்கவில்லை. நேரிலும் போகவில்லை. அப்படி எழுதிய பிறகு யாராவது நேரில் வேறு கேட்பார்களா என்று எனக்கு எண்ணம்.

கணக்குப் புத்தகங்கள் காட்டப்படவில்லை என்று ஒரே வரியில் உத்தரவு வந்தது.

உத்தரவைப் பார்த்த அன்று அண்ணன், "யாராச்சும் நம்மளப் போட்டுக் கொடுத்துட்டாங்களாடா?" என்று கேட்டார். நான், "இருக்கலாம்" என்றேன்.

மேல்முறையீட்டில் நான் எழுதியிருப்பதும் அந்த நான்கு பக்கத்தைத்தான், கொஞ்சம் மாற்றி. அது வென்றுவிட்டால் நான் செய்தது சரி என்று ஆகும். திரும்பப் பெற்றால் எனக்கு எது போய்விடும் என்று கேட்டீர்கள். இதுதான் போய்விடும்.

அருணாசலம்


கொல்லிமலை
31.1.2024

அருணாசலத்துக்கு,

கடிதம் கிடைத்தது. ரஞ்சிதாவைக் கூப்பிடவில்லை. நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

இருக்கலாம் என்று நீங்கள் சொன்ன ஒரு சொல்லை எடுத்துக்கொண்டுதான் அவர் மலைக்கு வந்தார். அந்த மாதம் எடையில் குறைகிறது என்று அவரோடு சண்டை போட்டிருந்தவர் அர்த்தனாரி. போட்டுக் கொடுத்தது அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டார். தினமும் ஒரே கல்லில் உட்கார்ந்து டீ குடித்த இரண்டு பேரும் ஆறு வருஷம் பேசவில்லை. உங்கள் அண்ணன் செத்த அன்று அர்த்தனாரி வந்தார். உள்ளே வரவில்லை. ரோட்டிலேயே நின்றுவிட்டுப் போனார். நானும் வாங்க என்று கூப்பிடவில்லை.

இன்றைக்கு அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். களத்தில் மிளகு காயப் போட்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை காலால் தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகும் தள்ளினார். அப்புறம் கேட்டார், "கட்டறதுக்குக் கடைசித் தேதி எப்பங்க?"

பிப்ரவரி பதினைந்து என்றேன். உங்களுக்கும் அதையேதான் எழுதுகிறேன்.

ராசாமணி


காளப்பநாயக்கன்பட்டி
6.2.2024

அண்ணிக்கு,

இன்று காலை விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் போய் மேல்முறையீட்டைத் திரும்பப் பெறும் மனுவைக் கொடுத்துவிட்டேன். நான்கு வரி எழுதினேன். முத்திரை போட்ட நகல் வாங்கி வைத்திருக்கிறேன்.

பள்ளிக் கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தாறாயிரம் கடன் எடுத்திருக்கிறேன். மீதியைத் தாங்கள் எப்படிப் புரட்டுவீர்கள் என்று தெரியவில்லை. குறைந்தால் எழுதவும், வளர்மதி தன் வளையலைத் தருவதாகச் சொல்கிறாள்.

விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும். சேந்தமங்கலத்தில் நந்தகுமார் கடையில் போடலாம். அதில் ஒரு சிக்கல். போடும்போது ஆறு இலக்க எண் ஒன்று, பழைய பதிவில் கொடுத்த போனுக்கு வரும். அது அண்ணனின் நம்பர். வந்த பத்து நிமிடத்துக்குள் அதைக் கடைக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். பதிமூன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு நான் கடையில் இருப்பேன். எண் வந்ததும் எனக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போதும்.

பேச வேண்டியதில்லை. முன்பு நான் சொன்னதற்காக இதைச் சொல்லவில்லை. இப்போது என்னோடு பேசத் தங்களுக்கு மனம் வராது என்பதற்காகச் சொல்கிறேன்.

அருணாசலம்


கொல்லிமலை
9.2.2024

கொழுந்தனாருக்கு,

வளர்மதி வளையல் அவள் கையிலேயே இருக்கட்டும். என் மிளகு விற்றதும் சீட்டுப் பணமும் சேர்ந்து முப்பத்தையாயிரம். அந்தக் காலத்தில் நம் பில்லில் போட்டவர்கள் வீடெல்லாம் ஏறி இறங்கினேன். இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை, காசு இருக்கிறது என்றும் ஒருவரும் சொல்லவில்லை. ஆளுக்கு மூன்று கிலோ, நாலு கிலோ என்று மிளகாகவே கொண்டுவந்து இறக்கினார்கள். அர்த்தனாரி பத்து கிலோ. எடை போடும்போது முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார், "இப்பவாச்சும் சரியா நிக்குதா பாருங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்தார், டீ குடித்தார். விற்றது முப்பத்தோராயிரம். எல்லாம் சேர்த்து உங்கள் பாங்கில் போட்டிருக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

போன் என்னிடம்தான் இருக்கிறது. பொத்தான் போன். பாட்டரி புடைத்துப் போய் மூடி நிற்கவில்லை, ரப்பர் பாண்டு போட்டிருக்கிறேன். வீட்டில் டவர் கிடைக்காது, மேலே தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் இரண்டு கோடு வரும். சிம்மைக் கழற்றி என்னிடம் கொடுங்கள், காலை பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றான் பிரேம். நானே கொண்டுவரலாம் என்றாள் ரஞ்சிதா. இரண்டும் ஆகாது. அந்தப் போனை யார் கையிலும் கொடுத்தனுப்ப மாட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்கவும் இன்னும் என்னால் ஆகாது. அதனால் மேட்டில் நிற்கிறேன்.

பதிமூன்று போனால் பதினான்கு, பதினைந்து. அவ்வளவுதான் இருக்கிறது. நேற்று எஸ்.எம்.எஸ். அனுப்பப் பழகினேன். ரஞ்சிதாவுக்கு வணக்கம் என்று அடித்தேன். சாயந்திரம்தான் போய்ச் சேர்ந்தது.

ராசாமணி


காளப்பநாயக்கன்பட்டி
13.2.2024, மாலை

அண்ணிக்கு,

ரசீதின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பணம் கட்டியாகிவிட்டது, விண்ணப்பம் ஏற்கப்பட்டது. சான்று வந்ததும் காட்டின் மேல் எடுத்த ஜப்தி நடவடிக்கையை நிறுத்திவிடுவார்கள் என்று தேன்மொழி அம்மாள் போனில் சொன்னார்.

காலையில் நடந்ததைத் தங்களுக்கு எழுதியாக வேண்டும்.

பதினொன்றுக்கு முதல் எண் கேட்டோம். பத்து நிமிடம் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. காலாவதி என்று காட்டியது. இரண்டாவது கேட்டோம், அதுவும் போயிற்று. "சார், இன்னொரு தடவை போச்சுன்னா இன்னிக்கு லாக் ஆயிரும். நாளைக்குக் கூட்டம் அள்ளும், சைட் திறக்குமான்னே தெரியாது" என்றான் நந்தகுமார். நான் மவுஸை அவன் பக்கம் தள்ளினேன். அவனே மூன்றாவதை அழுத்தினான்.

நான்கு நிமிடம் இருக்கும். என் போன் அடித்தது. திரையில் 'அண்ணன்' என்று வந்தது.

தாங்கள்தான் என்று எனக்குத் தெரியும். அந்தப் போன் தங்களிடம் இருக்கிறது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் என்னால் எடுக்க முடியவில்லை அண்ணி. அவர் போனதிலிருந்து அந்தப் பெயரை நான் அழிக்கவில்லை, அது திரும்ப வரும் என்று நினைத்ததும் இல்லை. "சார், எடுங்க சார், நிமிசம் ஓடுது" என்று நந்தகுமார் தோளைப் பிடித்து உலுக்கினான்.

எடுத்தேன். அப்புறம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எண்கள் மட்டும் காதில் விழுந்தன. தவறாக ஏதாவது சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அருணாசலம்


கொல்லிமலை
15.2.2024

கொழுந்தனாருக்கு,

ரசீது வந்தது. ரஞ்சிதா மூன்று தடவை படித்துக் காட்டினாள். நாலாவது தடவை கேட்டதற்கு, "அக்கா, தொகை ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல" என்றாள்.

இரண்டு தடவையும் எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். அனுப்பிக்கொண்டிருக்கிறது, அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றே காட்டியது. மூன்றாவது எண் வந்தபோது பாட்டரி சிவப்பில் நின்றது. இனி எழுத்தை நம்பிப் புண்ணியமில்லை என்று கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் உங்களைத் திட்டாத திட்டு இல்லை, தொட்டியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்ன சொன்னீர்கள் என்று நினைவில்லை என்கிறீர்கள். நான் சொல்கிறேன். "சொல்லுண்ணா" என்றீர்கள்.

அதைக் கேட்ட பிறகு ஏழு, ஒன்று என்று இரண்டு எண்தான் சொல்லியிருப்பேன், அதற்குமேல் வரவில்லை. துணைக்கு வந்து பக்கத்தில் நின்ற அர்த்தனாரி போனை என் கையிலிருந்து வாங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மீதி நாலையும் அவர்தான் சொன்னார். உங்கள் காதில் விழுந்த குரலில் பாதி அவருடையது. நீங்கள் கவனிக்கவில்லை போல.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "யாருங்க பேசுனது, தம்பியா? நல்லா இருக்குதா?" என்று என்னிடம் கேட்டார். நல்லா இருக்குது என்று சொன்னேன். வேறென்ன சொல்ல.

ஞாயிற்றுக்கிழமை மேலே வாருங்கள். கோபம் தீர்ந்துவிட்டது என்று கூப்பிடவில்லை. அது அதன்பாட்டுக்கு இருக்கிறது, வந்தால் சோறு போடுவேன். அர்த்தனாரியையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஒன்றும் எழுதிக்கொண்டு வராதீர்கள். எதிரே உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள்.

பஸ் ஏறியதும் கூப்பிடுங்கள். உங்கள் அண்ணன் நம்பருக்கே கூப்பிடுங்கள், நான் மேட்டில் நின்றுகொண்டிருப்பேன்.

ராசாமணி